தொட்டு, இழுத்து, தெரிந்துகொள்ளும் செல்

இரவு எட்டரை மணிக்குமேல் கும்பகோணத்துத் தெரு ஒன்றில் சுகாதாரத் துறை ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். விரல் நுனியில் ஓர் ஊசிக் குத்து, கண்ணாடித் துண்டில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம், அதைத் தடிமனாகப் பரப்பிக் காயவைத்தல். வேலை அவ்வளவுதான். "இதைப் பகலில் வந்து எடுக்கக் கூடாதா?" என்று கேட்காத வீடு இருக்காது. பகலில் எடுத்துப் பயனில்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் வூச்சரேரியா பாங்க்ராஃப்டி புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு அவை வரும், பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை மிகக் கூட்டமாக இருக்கும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. மறுநாள் அந்தக் கண்ணாடித் துண்டைத் தண்ணீரில் அமிழ்த்திச் சிவப்பைப் போக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நீளத்தில், மெல்லிய உறை போர்த்து, வளைந்து கிடக்கும் மைக்ரோஃபைலேரியா தெரியும்.

டெல்டா என்றால் வயல், வயல் என்றால் தேங்கிய நீர், நீர் என்றால் கொசு என்று ஒரே மூச்சில் முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நெல் வயலின் மேல் இந்தப் பழியைப் போட வேண்டாம். யானைக்காலைப் பரப்பும் க்யூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் விரும்புவது அடைபட்ட சாக்கடையையும் மூடி இல்லாத செப்டிக் டேங்கையும்தான். நோய் வயல்காட்டைவிட நெருக்கமான ஊர்த் தெருக்களில் வேர்பிடித்ததற்குக் காரணம் அது.

இந்த அத்தியாயத்துக்குக் கொசு தேவையில்லை, புழு குடியிருக்கும் இடம்தான் தேவை. வளர்ந்த பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அது ஆறு முதல் எட்டு ஆண்டுகள்வரை மனிதனின் நிணநீர் நாளங்களில் வாழ்ந்து குஞ்சு பொரிக்கிறது. நிணநீர் நாளங்களும் நிணநீர் முடிச்சுகளும் டி செல்களின் சொந்த நடமாட்டப் பாதை. உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் அதைக் கண்டுபிடித்து மற்றப் பாதுகாப்புச் செல்களை ஏவிவிடும் வெள்ளையணுக்கள் இவை. அவை ஓயாமல் போய்வரும் வழியிலேயே அரைச் சாண் நீளப் புழு ஒன்று கிடந்து ஆண்டுக்கணக்கில் பிழைக்கிறது.

இதில் இன்னொரு விசித்திரம். ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா நிறைய உள்ளவருக்குப் பெரும்பாலும் கால் வீங்கியிருக்காது, அவருக்கு நோய் இருப்பதே தெரியாது. கால் யானைக்காலாகப் பருத்துவிட்டவரின் ரத்தத்தில் பெரும்பாலும் மைக்ரோஃபைலேரியா இருக்காது. 1987ல் தாமஸ் நட்மன், வி. குமாரசாமி, எரிக் ஒட்டேசன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்த இரு சாராரின் டி செல்களையும் ஒப்பிட்டது. குமாரசாமி அப்போது சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இருந்தார். கால் வீங்கியவரின் டி செல்கள் புழுவின் புரதத்தைக் கண்டதும் கொதித்தெழுந்தன. மைக்ரோஃபைலேரியா உள்ளவரின் டி செல்கள் வாளாவிருந்தன. செல்கள் செத்துப்போனதால் வந்த மௌனம் என்று சொல்ல வழியில்லை, வேறு பொருள்களைக் காட்டினால் அதே செல்கள் நன்றாகவே பதில் தந்தன. புழுவிடம் மட்டும்தான் அந்த அமைதி.

அப்படியானால் ஒரு டி செல் எதிரியைக் "கண்டுகொள்வது" என்பது என்ன? எந்தக் கணத்தில் அது விழித்துக்கொள்கிறது?

பாடப்புத்தகம் சொல்லும் விடை சுலபமானது. டென்ட்ரிடிக் செல் ஒன்று அந்நியப் புரதத்தைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் ஏந்தி நிற்கும். டி செல்லின் ஏற்பி அதில் பொருந்தும். பொருந்தியதும் உள்ளே செய்தி போகும். நானும் பல காலம் இதற்குமேல் கேட்டதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். டென்ட்ரிடிக் செல்லின் மேற்பரப்பு முழுக்க உடலின் சொந்தப் புரதத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு நடுவில் அந்நியத் துண்டு சிலவே. 2002ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் டேவிஸின் குழு எண்ணிப் பார்த்தது: ஒரே ஒரு அந்நியத் துண்டைத் தொட்டாலே டி செல்லுக்குள் கால்சியம் சற்று ஏறுகிறது, பத்துத் துண்டுகள் போதும், முழு எழுச்சி. இத்தனைக்கும் ஏற்பிக்கும் துண்டுக்கும் இடையிலான பிணைப்பு சில நொடிகளில் அறுந்துவிடும் பலவீனமான பிணைப்பு. இவ்வளவு மெல்லிய தொடுதலை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமான முடிவு எப்படி வருகிறது என்பதற்குப் பூட்டும் சாவியும் கதை விடை தராது. டி செல்லின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

டி செல்லின் குறுக்களவு சுமார் 7 மைக்ரோமீட்டர். அதைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவில், அதாவது குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்க, அவற்றில் புரதங்கள் மிதக்கின்றன என்ற சித்திரத்தை 1972ல் சிங்கரும் நிக்கல்சனும் வரைந்தார்கள். அது தவறில்லை, ஆனால் பாதிதான். அந்தச் சவ்வுக்கு நேர் கீழே ஆக்டின் என்ற புரத இழைகள் வலைபோட்டு நிற்கின்றன. இழையின் ஒரு முனையில் புதிய ஆக்டின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டே இருக்கும், மறுமுனையில் கழன்றுகொண்டே இருக்கும். செல் சட்டகம் என்று நாம் சொல்வதில் ஆக்டினும், நுண்குழல்களும், இன்னும் சில இழைகளும் அடக்கம். சட்டகம் என்ற சொல்லைக் கேட்டு அசையாத கம்பிக் கூண்டு என்று நினைத்துவிடக் கூடாது. கணத்துக்குக் கணம் கட்டிப் பிரித்துக்கொண்டிருக்கும் அமைப்பு அது.

டி செல் வழவழப்பான உருண்டை இல்லை. அதன் மேல் முழுக்க விரல்போன்ற நுண்முளைகள். உள்ளே ஆக்டின் இழைகள் தாங்கி நிற்பதால்தான் சவ்வு அப்படி நீண்டு நிற்கிறது. ஏற்பிகள் இந்த முளைகளின் நுனியில் அதிகம் குவிந்திருப்பதாகத் தெரிகிறது. 2017ல் கலிஃபோர்னியாவில் மாத்யூ க்ரம்மலின் குழு இதைப் படம்பிடித்தது: முளைகள் எதிரே உள்ள செல்லின் மேல் துழாவிக்கொண்டே நகர்கின்றன. ஒரு நிமிடத்தில் தொடுபரப்பில் ஏறக்குறைய 98 விழுக்காட்டைத் தடவி முடித்துவிடுகின்றன. தேடுவது ஏற்பி, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அலைவது ஆக்டின்.

தொட்ட இடத்தில் இன்னொரு காரியம் நடக்கிறது. ஏற்பியும் அந்நியத் துண்டும் பொருந்தும்போது இரு சவ்வுகளுக்கும் நடுவே சுமார் 15 நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். டி செல்லின் சவ்வில் சிடி45 என்ற உயரமான புரதம் ஏராளம். அது இந்த இடுக்கில் நிற்க முடியாது, வெளியே ஒதுங்க வேண்டியதுதான். சிடி45 செய்யும் வேலை ஏற்பிகளில் ஏறும் பாஸ்பேட்டை உடனுக்குடன் நீக்கிச் செல்லை அமைதியாக வைத்திருப்பது. அது விலகிய இடத்தில் எல்சிகே என்ற நொதி ஏற்றும் பாஸ்பேட் நிலைத்துவிடுகிறது. எழுச்சியின் முதல் படி இந்த ஒதுங்கல்தான் என்பது சைமன் டேவிஸும் அன்டன் வான் டெர் மெர்வியும் முன்வைத்த கருத்து. இரு சவ்வுகளும் இவ்வளவு நெருங்கத் தாமாக இசையாது, பின்னாலிருந்து ஆக்டின் முட்டித் தள்ள வேண்டும்.

அடுத்தது இழுப்பு. தொட்ட சில நொடிகளில் ஏற்பிகள் பத்தும் ஐம்பதுமாகச் சேர்ந்து சிறு கொத்துகளாகின்றன. டி செல் எதிர்ச் செல்லின் மேல் தட்டையாகப் பரவுகிறது. பரவிய வட்டத்தின் விளிம்பில் புதிய ஆக்டின் முளைத்து, மையத்தை நோக்கி ஓயாமல் வழிகிறது. பாசன வாய்க்காலில் வெங்காயத்தாமரைப் புதர்கள் மதகை நோக்கிப் போய்ச் சேர்வதைப் பார்த்த டெல்டாக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. புதரை யாரும் தண்ணீரோடு கட்டிவைக்கவில்லை, ஓட்டம் உரசித் தள்ளிக்கொண்டு போகிறது. ஏற்பிக் கொத்துகளும் ஆக்டின் ஓட்டத்தோடு இப்படியே உரசி, வழுக்கி, ஓட்டத்தைவிடச் சற்று மெதுவாக மையத்துக்கு வருகின்றன. வாய்க்காலின் குறுக்கே மூங்கில் படல் வைத்தால் தண்ணீர் போகும், புதர் நின்றுவிடும். ஜே க்ரோவ்ஸும் மைக்கேல் டஸ்டினும் 2005ல் அந்தப் படலையே வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியின் மேல் செயற்கைக் கொழுப்புச் சவ்வைப் பரப்பி, அதன் குறுக்கே நுண்ணிய குரோமியக் கோடுகள் போட்டு, மேலே டி செல்லை இறக்கினார்கள். கொத்துகள் கோட்டில் முட்டி நின்றன, மையத்துக்குப் போகவில்லை.

அந்தச் சோதனையின் விடை பலரையும் திகைக்க வைத்தது. அதற்கு முன் 1998ல் ஆபிரகாம் குப்ஃபரின் குழு டி செல்லின் தொடுபரப்பை முதன்முதலாகத் தெளிவாகப் படமெடுத்திருந்தது: நடுவில் ஏற்பிகளின் திரள், சுற்றிலும் ஒட்டுப் புரதங்களின் வளையம். அழகான படம். இந்த அமைப்புக்குச் சினாப்ஸ் என்ற பெயரும் நிலைத்தது. நடுவில் ஏற்பிகள் திரண்டிருப்பதால் அங்குதான் செய்தி பிறக்கிறது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குரோமியக் கோட்டில் சிக்கி மையத்தை அடையாத கொத்துகளோ வழக்கத்தைவிட நீண்ட நேரம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. செய்தி பிறப்பது ஓரத்தில், நகரும் வழியில். மையம் பெரும்பாலும் ஏற்பிகளை உள்ளிழுத்தோ வெளியே உதிர்த்தோ கணக்கை முடிக்கும் இடம். செங்கடல் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து கிடைக்கும் லாட்ரன்குலின் என்ற நஞ்சு ஆக்டின் இழை வளர்வதைத் தடுக்கும். அதைச் சேர்த்தால் புதிய கொத்துகள் பிறப்பது நிற்கிறது, உள்ளே ஏறிய கால்சியமும் இறங்கிவிடுகிறது. ஏற்பியும் அந்நியத் துண்டும் எதிரெதிரே இருந்தும் ஆக்டின் நின்றால் செல் அடங்கிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் சட்டகம் எஜமான், சவ்வு வேலைக்காரன் என்ற தோற்றம் வந்திருக்கலாம். அது நியாயமாகாது. என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்தின் நாயகன் சவ்வின் உள்ளடுக்கில் இருக்கும் ஒரு கொழுப்பு, அதன் பெயர் பிப்2. சவ்வின் மொத்தக் கொழுப்பில் இது மிகச் சிறு பங்கு. எஸ்ரின் போன்ற புரதங்கள் ஒரு கையால் இந்த பிப்2ஐயும் மறு கையால் ஆக்டினையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒட்ட வைக்கின்றன. ஏற்பிக் கொத்து விழித்ததும் அதன் அருகே பிஎல்சி காமா என்ற நொதி வந்து பிப்2ஐ இரண்டாக வெட்டும். ஒரு துண்டு உள்ளே ஓடிப்போய்க் கால்சியம் கிடங்கைத் திறக்கும். அந்தக் கால்சியம்தான் என்ஃபேட் என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்பி மரபணுக்களை இயக்குகிறது. சிறுநீரக மாற்று நோயாளிக்குத் தரும் சைக்ளோஸ்போரின் மாத்திரை வெட்டுவது இந்தத் தொடரைத்தான். மறு துண்டான டிஏஜி சவ்விலேயே தங்கி, "தொடுபரப்பு இங்கே" என்று உள்ளிருக்கும் நுண்குழல்களின் மையத்துக்குத் திசை காட்டும். பிப்2 குறைந்த இடத்தில் சவ்வுக்கும் ஆக்டினுக்கும் இடையிலான ஒட்டு தளரும், செல் இன்னும் மிருதுவாகப் பரவும். நங்கூரமும் செய்தியும் திசையும் ஒரே மூலக்கூறில். சவ்வு எங்கே முடிகிறது, சட்டகம் எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு கிழிக்க முடியாது.

இந்தக் கூட்டணியை அடிப்படையிலிருந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் நமக்குப் பக்கத்திலேயே, காவிரித் தண்ணீர் குடிக்கும் இன்னோர் ஊரில், இருக்கிறார்கள். நதிநீர்ப் பங்கீட்டில் என்ன சண்டை இருந்தாலும் இதில் பெங்களூருக்குப் பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயர் சவ்வின் வெளியடுக்கில் மட்டும் கொழுப்பு வாலால் தொங்கும் புரதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு உள்ளே கால் கிடையாது, ஆக்டினைத் தொட வழியில்லை. ஆனாலும் அவை இரண்டும் மூன்றும் நான்குமாகச் சேர்ந்து நானோமீட்டர் அளவுக் கொத்துகளாக இருந்தன. 2008ல் அவருடைய குழு அந்தக் கொத்துகளை உண்டாக்குவது உள்ளிருக்கும் ஆக்டினின் இயக்கம்தான் என்று காட்டியது. இயற்பியலாளர் மதன் ராவுடன் சேர்ந்து 2012ல் அதற்கு ஒரு கோட்பாடும் வந்தது: குட்டையான ஆக்டின் இழைகள் மோட்டார் புரதங்களின் துணையோடு நட்சத்திர வடிவில் கூடிக் கலைகின்றன, மேலே இருப்பவற்றைத் தம் மையத்துக்கு இழுக்கின்றன. தொடாத ஒன்றை எப்படி இழுக்கும்? 2015ல் விடை கிடைத்தது. வெளியடுக்கின் நீண்ட கொழுப்பு வால் உள்ளடுக்கில் இருக்கும் பாஸ்ஃபாட்டிடைல் செரின் என்ற கொழுப்பின் நீண்ட வாலோடு சவ்வின் நடுவில் கோத்துக்கொள்கிறது. அதை ஆக்டின் பிடித்திருக்கிறது. ஐந்து நானோமீட்டர் சவ்வைக் கடந்து விசை போய்ச் சேர்கிறது.

மேயரின் மாணவியாக இருந்த சுதா குமாரி பின்னர் டஸ்டினின் ஆய்வகத்தில் டி செல்லுக்கு வந்தார். இப்போது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்கிறார். 2015ல் அவர் முதன்மை ஆசிரியராக வெளியிட்ட கட்டுரை, ஏற்பிக் கொத்துகள் ஒவ்வொன்றின் அடியிலும் ஆக்டின் தனியாகக் குவிந்து முளைப்பதைக் காட்டியது. மையம் நோக்கிய பெரிய ஓட்டம் வேறு, இந்தச் சிறு குவியல்கள் வேறு. இவற்றை முளைக்கச் செய்வது வாஸ்ப் என்ற புரதம். வாஸ்ப் இல்லாத டி செல்லும் எதிர்ச் செல்லோடு ஒட்டுகிறது, பரவுகிறது, ஏற்பியில் முதல் பாஸ்பேட்கூட ஏறுகிறது. அதற்கடுத்த படியில் தடுக்கி விழுகிறது: பிஎல்சி காமா சரியாக விழிப்பதில்லை, கால்சியம் போதுமான அளவு ஏறுவதில்லை. தொடக்கம் எல்லாம் சரி, காரியம் மட்டும் நடக்கவில்லை.

இது வெறும் ஆய்வக விநோதமாக இருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். வாஸ்ப் மரபணுவில் பழுதோடு ஆண் குழந்தைகள் பிறக்கிறார்கள். 1937ல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் விஸ்காட் ஒரே குடும்பத்துச் சகோதரர் மூவரிடம் இந்த நோயைக் கண்டார். 1954ல் அமெரிக்காவில் ராபர்ட் ஆல்ட்ரிச் அது தாய் வழியாக மகன்களுக்கு இறங்குவதைக் காட்டினார். மரபணு பிடிபட்டது 1994ல். தோலில் கரப்பான், வழக்கத்தைவிடச் சிறிய தட்டணுக்களால் ரத்தக் கசிவு, அடிக்கடி காதில் சீழ், மாறி மாறித் தொற்று. டி செல்கள் எண்ணிக்கையில் ஓரளவு இருந்தும் பிடித்து இழுக்கத் தெரியாத உடல் அது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாக வாய்ப்புண்டு. கைக்குழந்தைக்குத் தோல்நோயும் ரத்தக் கசிவும் சேர்ந்து வந்து, தாய்மாமன்களில் யாராவது சிறுவயதில் இறந்திருந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நுண்குழல்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிஏஜி திசை காட்டியதும் நுண்குழல்களின் மையம் செல்லின் பின்புறத்திலிருந்து கிளம்பித் தொடுபரப்புக்கு நேராக வந்து நிற்கிறது. உதவி டி செல் சுரக்கும் செய்திப் புரதங்களான சைட்டோகைன்களில் சில அந்தப் பக்கமாகவே வெளியேறுகின்றன. கொல்லும் டி செல்லில் தொடுபரப்பின் நடுவில் உள்ள ஆக்டின் விலகி வழிவிட, நச்சுப் பைகள் அந்தத் திறப்பின் வழியே இலக்கின் மேல் கொட்டப்படுகின்றன. பக்கத்தில் நிற்கும் நல்ல செல்லுக்குச் சேதமில்லை.

இனி புழுவிடம் மௌனம் காக்கும் டி செல்லுக்கு வரலாம். சுபாஷ் பாபு, குமாரசாமி, நட்மன் ஆகியோர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரோஃபைலேரியா உள்ளவர்களின் ரத்தச் செல்களுக்கு உயிருள்ள புழுப் பருவங்களைக் காட்டியபோது சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற இரண்டின் வெளிப்பாடும் கூடியிருந்தது. இவை இரண்டும் டி செல்லை அடக்கும் புரதங்கள், இரண்டும் வேலை செய்யும் இடம் சினாப்ஸ். பிடி-1 ஏற்பிக் கொத்துகளுக்குள்ளேயே வந்து சேர்ந்து, பாஸ்பேட்டை நீக்கும் நொதி ஒன்றைக் கூட்டிவருகிறது. சிடி45 விலகிப்போய் உண்டான வாய்ப்பை இது உள்ளிருந்தே கெடுக்கிறது. சிடிஎல்ஏ-4 செய்வது இன்னும் துணிச்சலான வேலை. டி செல் முழுமையாக விழிக்க டென்ட்ரிடிக் செல்லின் மேலுள்ள சிடி80, சிடி86 என்ற புரதங்களின் ஒப்புதலும் தேவை. சிடிஎல்ஏ-4 அவற்றை எதிர்ச் செல்லின் சவ்விலிருந்தே பிடுங்கித் தன் செல்லுக்குள் விழுங்கிவிடுகிறது. டேவிட் சான்சம் குழு இதை 2011ல் காட்டியது. அடுத்து வரும் டி செல் அந்த டென்ட்ரிடிக் செல்லைத் தொட்டுத் துழாவினாலும் ஒப்புதல் கிடைக்காது.

இந்த மௌனத்தைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். நிணநீர் நாளத்துக்குள் ஆண்டுக்கணக்கில் போர் நடந்தால் நாளம்தான் நாசமாகும். அடங்கிப்போன டி செல் உள்ளவருக்குக் கால் தப்பிக்கிறது, ஆனால் அவர் ரத்தத்திலிருந்து கொசு ஊருக்கெல்லாம் நோயைக் கொண்டுபோகிறது. அடங்காத டி செல் உள்ளவர் புழுவைக் குறைக்கிறார், காலை இழக்கிறார். மருந்து கொடுத்துப் புழுவைக் குறைத்தபின் மௌனமாக இருந்த டி செல்கள் மீண்டும் பதில் தரத் தொடங்குவதும் கண்டறியப்பட்டிருக்கிறது. 2004 முதல் நாட்டில் இந்நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை கொடுக்கப்பட்ட டிஇசி மாத்திரை, பின்னர் அதோடு சேர்ந்த அல்பெண்டசோல், இவற்றின் நோக்கம் ரத்தத்திலுள்ள குஞ்சுகளை ஒழித்துப் பரவலை அறுப்பது. ஏற்கெனவே பருத்த காலை அந்த மாத்திரை வற்றவைக்காது.

பருத்த காலுக்கு என்ன நடக்கிறது என்பதையும் இப்போது செல் அளவில் சொல்லலாம். விரலிடுக்கில் பாக்டீரியா நுழைந்தால் டென்ட்ரிடிக் செல் அதைப் பிடித்துக்கொண்டு நிணநீர் நாளம் வழியே முடிச்சுக்குப் போக வேண்டும், அங்கேதான் டி செல்லைச் சந்திக்கும். நாளம் சிதைந்த காலில் அந்தப் பயணமே தடைபடுகிறது. பாக்டீரியா பெருகி, குளிரும் காய்ச்சலும் நெறிகட்டலுமாக வந்து போகும். ஒவ்வொரு முறையும் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். நாற்றங்காலிலும் நடவு வயலிலும் நாளெல்லாம் நிற்கும் பெண்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. பருத்த காலில் அதுவே பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். எனவே கால் வீக்கம் உள்ளவர்கள் தினமும் இருமுறை சாதாரண சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் களிம்பு தடவி, ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருக்க வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். காய்ச்சலோடு கால் சிவந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். காலை ஒழுங்காகக் கழுவிப் பராமரிப்பவர்களுக்கு இந்தக் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது.